டூர் போறோமா, ஓடிட்டு வர்றோமா?

ஃபைனல் இயர் வந்துவிட்டால் போதும், வகுப்பில் பாடம் நடக்கிறதோ இல்லையோ டூர் பேச்சு மட்டும் தவறாமல் நடக்கும். ஒருத்தன் கோவா என்பான். இன்னொருத்தி மூணாறு என்பாள். "பழைய கோயிலும் பாக்கணும், கடலும் பாக்கணும், எல்லாத்தையும் ஒரே ரவுண்டுல முடிச்சிடலாம் மச்சி" என்று ஒரு புத்திசாலி எழுந்து நிற்பான். அடுத்த வாரம் ஒரு டிராவல்ஸ்காரர் கொடுத்த துண்டுக் காகிதம் பெஞ்ச் பெஞ்சாகச் சுற்றும். மாமல்லபுரம், புதுச்சேரி, சிதம்பரம், தரங்கம்பாடி, வேளாங்கண்ணி, தஞ்சாவூர், ராமேஸ்வரம், கன்னியாகுமரி... மொத்தம் 14 இடம், 4 நாள்!

இந்தக் காகிதத்தைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன். திட்ட வருகிறவர்கள் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டவும் :-)

நாம் காமர்ஸ் மாணவர்கள். அதனால் முதலில் கணக்கு போடுவோம். 4 நாள் என்றால் 96 மணி நேரம். ஒரு நாளைக்கு 7 மணி நேரம் தூக்கம், மொத்தம் 28. திருத்தணியில் ஏறி கன்னியாகுமரி வரை போய்த் திரும்ப, நடுவில் ராமேஸ்வரம் சுற்றோடு சேர்த்து, வேனில் 40 மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். சாப்பாடு, டீ, பெட்ரோல் பங்க் எல்லாம் சேர்த்து ஒரு 10 மணி நேரம். மிச்சம் 18 மணி நேரம். அதை 14 இடத்துக்குப் பிரித்தால் ஒரு இடத்துக்கு ஒன்றேகால் மணி நேரம். அதிலும் செருப்பு விடும் இடம், டிக்கெட் வரிசை, குரூப் போட்டோ, "இன்னும் ரெண்டு பேர் வரல சார்" போக என்ன மிஞ்சும்? ஆயிரம் வருடம் நிற்கிற தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு நாம் கொடுக்கப் போவது அரை மணி நேரம்!

இதை டூர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. டெலிவரி பையன்கூட ஒரு வீட்டு வாசலில் இதைவிடக் கொஞ்சம் நிதானமாக நிற்பான்.

சரி, ஓட்டம்தான் பிரச்சினையா என்றால், அது சின்னப் பிரச்சினை. பெரிய பிரச்சினை வேறு. இந்த மாதிரி டூருக்கு யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். மூன்று இரவு வெளியே தங்க வேண்டும் என்றதும் வகுப்பில் பாதிப் பெண்களுக்கு வீட்டில் "நோ". பணம் என்றதும் இன்னொரு கூட்டம் சத்தமில்லாமல் ஒதுங்கிவிடும். அவர்கள் "காசு இல்லை" என்று சொல்ல மாட்டார்கள். "அந்த வாரம் எங்க மாமா வீட்ல விசேஷம்" என்பார்கள். எல்லோருடைய மாமா வீட்டிலும் ஒரே வாரத்தில் விசேஷம் வருவது எப்படி என்று நாமும் கேட்க மாட்டோம். மூன்று வருடம் ஒன்றாகப் படித்துவிட்டு, கடைசியில் எடுக்கிற போட்டோவில் பாதி வகுப்பு இல்லையென்றால் அது யாருடைய டூர்?

என் கட்சி இதுதான். பழைய இடமும் கடலும்தான் வேண்டுமென்றால், அதைத் தேடி 700 கிலோமீட்டர் போக வேண்டியதில்லை. நம் பக்கத்திலேயே, ஒரே ஒரு இரவு வெளியே தங்கி (அதுவும் முடியாதவர்கள் அன்றன்றைக்கு வீடு திரும்பி), நிதானமாகப் பார்க்கலாம். குறைந்த இடம், ஒரே கதை. அந்தக் கதை நம்ம ஊரிலேயே ஆரம்பிக்கிறது.

திருத்தணி என்றால் மலை, முருகன், 365 படி, ஆடிக் கிருத்திகை. அதோடு முடிந்தது என்றுதான் நிறைய பேர் நினைக்கிறோம். கொஞ்சம் வரலாறு தெரிந்தவர்கள், 1960 ஏப்ரல் 1 வரை இந்த ஊர் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது, ம.பொ.சி. முதலானோர் போராடித்தான் தமிழ்நாட்டுக்கு வந்தது என்பார்கள். ஆனால் மலைக்குக் கீழே வீரட்டானேசுவரர் கோயில் என்று ஒன்று இருக்கிறது. அபராஜிதவர்மன் காலத்துக் கோயில். அபராஜிதன் யார்? காஞ்சியை ஆண்ட பல்லவர் வரிசையில் கடைசியாகச் சொல்லப்படும் அரசன். 1977-ல் நம் திருத்தணிக்குப் பக்கத்தில் வேளஞ்சேரியில் செப்பேடுகள் கிடைத்தன. அதில் ஒன்று இந்த அபராஜிதனுடையது, இன்னொன்று முதலாம் பராந்தக சோழனுடையது. தோற்ற வம்சத்தின் ஏடும் ஜெயித்த வம்சத்தின் ஏடும் ஒரே ஊரில்! அந்தத் தோல்வியைச் சொல்வது எது தெரியுமா? நாம் தினமும் ரயிலில் தாண்டிப் போகிறோமே திருவாலங்காடு, அங்கே 1905-ல் கிடைத்த ராஜேந்திர சோழன் செப்பேடு. ஆதித்த சோழன் அபராஜிதனை வென்று தொண்டை மண்டலத்தைப் பிடித்ததை அது சொல்கிறது. 9-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நடந்த சமாச்சாரம்.

ஆக, பல்லவர் கதையின் கடைசிப் பக்கம் நம் ஊர்ப் பக்கம் இருக்கிறது. அங்கிருந்து பின்னாலேயே புரட்டிக்கொண்டு போனால் தலைநகரம், அப்புறம் துறைமுகம், அப்புறம் கடல். இதைவிட நல்ல டூர் ரூட்டை எந்த டிராவல்ஸ்காரர் போட்டுத் தருவார்?

முதல் நாள்: காஞ்சிபுரம்

அரக்கோணம் வழியாக பஸ்ஸில் போனால் காலையிலேயே போய் இறங்கிவிடலாம். "காஞ்சிபுரமா? அக்கா கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போனோமே" என்பார்கள் பாதி பேர். அதேதான் நான் சொல்வதும். பட்டு எடுத்தோம், காமாட்சியைக் கும்பிட்டோம், இட்லி சாப்பிட்டோம், வந்துவிட்டோம். கைலாசநாதர் கோயிலுக்குப் போனவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம்.

8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. பெரும்பகுதி மணற்கல். பிராகாரத்தைச் சுற்றி வரிசையாக 58 குட்டிச் சந்நிதிகள். சிலவற்றின் உள்ளே பழைய ஓவியத்தின் மிச்சம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ராஜராஜ சோழன் காலத்தில் இதைப் பெரிய திருக்கற்றளி என்று மரியாதையாகச் சொல்லியிருக்கிறார்கள். தஞ்சாவூர்க் கோயிலுக்கு இதுவும் ஒரு தூண்டுதல் என்று சொல்பவர்கள் உண்டு. அங்கே அரை மணி நேரம் ஓடுவதைவிட, இங்கே மூன்று மணி நேரம் உட்கார்வது மேல் என்பேன்.

அடுத்து வைகுண்டப் பெருமாள் கோயில். நந்திவர்ம பல்லவன் கட்டியது. சுற்றுச் சுவரில் பல்லவர் வரலாற்றையே சிற்பமாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். இப்போதைய மொழியில் சொன்னால் காமிக்ஸ் புத்தகம்.

ஒரு முக்கியமான விஷயம். கோயில்கள் மதியம் நடை சாத்திவிடுவார்கள், நாலு மணிக்கு மேல்தான் திறப்பார்கள். ஓட்ட டூர்க்காரர்கள் சரியாக ஒரு மணிக்கு வந்து பூட்டின கதவைப் பார்த்துவிட்டுப் போவதைக் காஞ்சிபுரத்தில் எந்த நாளும் பார்க்கலாம். அதனால் காலையில் இரண்டு கோயில், மதியம் சாப்பாடு, ஓய்வு, சாயங்காலம் ஏகாம்பரநாதர். இரவே திரும்ப வேண்டியவர்கள் திரும்பலாம். மற்றவர்கள் செங்கல்பட்டு வழியாக மாமல்லபுரம் போய்த் தங்கலாம்.

இரண்டாம் நாள்: மாமல்லபுரம்

இங்கே காலை 6 மணிக்கே திறந்துவிடுகிறார்கள். வெயில் ஏறுவதற்கு முன் கடற்கரைக் கோயிலைப் பார்த்தால் அது ஒரு கோயில், பதினொரு மணிக்கு வந்து பார்த்தால் அது ஒரு தோசைக்கல். காஞ்சி கைலாசநாதர் கட்டிய அதே ராஜசிம்மன்தான் இதையும் கட்டினான். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு இரண்டாம் நாள் இதைப் பார்த்தால், "அட, அதே கை!" என்று நமக்கே தெரியும். இதற்கு கைடு தேவையில்லை. ஐந்து ரதம், அர்ஜுனன் தபசு எல்லாம் ஸ்கூல் புத்தகத்தில் பார்த்ததுதான். 1984-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 2018-ல் கட்டணம் கூட்டியபோது இந்தியர்களுக்கு 40 ரூபாய் ஆனது. ஒரே டிக்கெட்டில் அன்றைக்கே கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதத்தையும் பார்க்கலாம், அதனால் டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஆனால் நான் உங்களைக் கூட்டிக்கொண்டு போக நினைப்பது இன்னும் கொஞ்சம் வடக்கே, சாளுவன்குப்பத்துக்கு. புலிக்குகை இருக்கும் இடம். 2004 டிசம்பர் 26 சுனாமி எத்தனையோ உயிர்களை வாரிக்கொண்டு போனது எல்லோருக்கும் தெரியும். அதே அலை இங்கே மண்ணை அரித்ததில் பாறையில் இருந்த கல்வெட்டுகள் வெளியே தெரிந்தன. அவை ஒரு முருகன் கோயிலைப் பற்றிப் பேசின. அப்படி ஒரு கோயில் அங்கே கண்ணுக்குத் தெரியவில்லையே என்று 2005-ல் தொல்லியல் துறை தோண்டினால், உள்ளே கோயில்! பல்லவர் காலத்துக் கட்டுமானம், அதற்கும் அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில். வடக்குப் பார்த்த சந்நிதி. வாசலில் கல்லில் செய்த வேல். அடியில் இருக்கும் செங்கல் கோயில் சங்க காலத்தது என்று தோண்டியவர்கள் சொல்கிறார்கள்.

காவடி தூக்குகிற ஊர்க்காரர்கள் நாம். மலை மேல் இருக்கும் நம் முருகனுக்குக் கடற்கரை மணலுக்கு அடியில் இப்படி ஒரு கோயில் இருந்தது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கன்னியாகுமரி வரை போகும் வேன் இந்த இடத்தில் நிற்பதே இல்லை. அந்தத் துண்டுக் காகிதத்திலும் இந்தப் பெயர் இல்லை.

மதியத்துக்கு மேல் நேரம் இருந்தால் தெற்கே கல்பாக்கம் தாண்டி சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்களின் கோட்டை, உள்ளே 17-ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள், அந்தக் கல்லறைகளில் நுணுக்கமான செதுக்கு வேலை. கூட்டமே இருக்காது. நிழலில் உட்கார்ந்து பேசலாம், யாரும் "கிளம்புங்க கிளம்புங்க" என்று விசில் ஊத மாட்டார்கள்.

மூன்றாவது நாள், தனியாக: பழவேற்காடு

இதை வேறொரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம். இது முழுக்க முழுக்க நம் மாவட்டம். திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் நாம், கிழக்கு ஓரத்தில் பழவேற்காடு. ரயிலில் பேசின் பிரிட்ஜ் போய், கும்மிடிப்பூண்டி ரயில் மாறி, பொன்னேரியில் இறங்கினால் பஸ். ரயில் செலவு ஒரு பிரியாணி விலையில் பாதிகூட வராது.

காமர்ஸ் படிக்கிற யாரும் இதைத் தவற விடக்கூடாது என்பது என் கருத்து. கம்பெனி சட்டம் பேப்பரில் கூட்டுப் பங்கு நிறுவனம் என்றால் என்ன, பங்கு வெளியீடு என்றால் என்ன என்று மனப்பாடம் செய்து எழுதுகிறோம். பொதுமக்களிடம் பங்கு விற்று முதல் திரட்டிய ஆரம்ப காலப் பெரிய நிறுவனம் எது? 1602-ல் ஆரம்பித்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. அந்தக் கம்பெனி சோழமண்டலக் கரையில் தலைமையிடமாக வைத்திருந்த கெல்டிரியா கோட்டை 1613-ல் எழுந்தது எங்கே? நம் பழவேற்காட்டில்! 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை இதுதான் தலைமை அலுவலகம். ஆம்ஸ்டர்டாமில் பங்கு வாங்கினவனுக்குக் கிடைத்த லாபத்தில் ஒரு பகுதி நம் மாவட்டத்துத் தறியில் இருந்தும் போயிருக்கிறது. துணி மட்டும் போகவில்லை. பஞ்சத்திலும் போரிலும் சிக்கிய மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். லாப நஷ்டக் கணக்கில் எது "சரக்கு" என்று எழுதப்பட்டது என்பதை எந்தப் பாடப் புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தராது.

கோட்டை இப்போது அநேகமாகத் தரைமட்டம். புதர் மண்டிக் கிடக்கிறது. ஆனால் டச்சுக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பத்தோடு. ஏரி இருக்கிறது. இந்தியாவின் உப்பங்கழி ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி. குளிர் காலத்தில் பூநாரைகள் வரும்.

இப்போது சீரியஸாக ஒரு விஷயம். 2011 டிசம்பர் 25 அன்று இதே பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். விடுமுறைக்குச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள். ஏரி அமைதியாகத்தான் தெரியும், முகத்துவாரத்துப் பக்கம் கதை வேறு. படகில் ஏறித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மாமல்லபுரத்திலும் அப்படித்தான். கடற்கரைக் கோயில் பக்கத்துக் கடல் குளிக்கிற கடல் இல்லை. "முட்டி அளவுதான் மச்சி" என்று இறங்கின காலேஜ் பையன்களைப் பற்றிய செய்தி எத்தனை தடவை பேப்பரில் படித்திருக்கிறோம்? அப்படிச் செய்தியில் வந்தவர்களில் பலர் டூர் வந்தவர்கள்தான். டூர் போடும்போதே "கடலில் இறங்குவது கிடையாது" என்று முதல் வரியில் எழுதிவிட வேண்டும். கடைசி நிமிடத்தில் கரையில் நின்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

எப்போது போவது? அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, நவம்பரில் செமஸ்டர். ஏப்ரலில் மறுபடி செமஸ்டர், வெயில் வேறு. பொங்கல் முடிந்து ஜனவரி கடைசியில் இருந்து பிப்ரவரி வரைதான் சரியான காலம். காணும் பொங்கல் அன்று மாமல்லபுரம் பக்கமே தலை வைத்துப் படுக்காதீர்கள். வார நாளாக இருந்தால் உத்தமம்.

இனி நீங்கள் கேட்கப் போகும் கேள்விகள்.

"பக்கத்துல தானே இருக்கு, எப்ப வேணா போயிக்கலாமே?" சரி, எப்போது போனீர்கள்? பக்கத்தில் இருக்கிறது என்பதாலேயே போகாமல் விட்ட இடங்கள்தான் இவை எல்லாம். டிகிரி முடிந்தால் ஒருத்தன் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் ஷிஃப்ட், ஒருத்தன் பெங்களூர், ஒருத்திக்குக் கல்யாணம். அப்புறம் போவதென்றால் குழந்தையைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

"இதுல என்ன ஜாலி இருக்கு?" நியாயமான கேள்வி. ஜாலி என்பது கிலோமீட்டரில் இருக்கிறது என்று நான் நினைக்கவில்லை. பஸ்ஸில் பாட்டு, சண்டை, சமாதானம், கடற்கரையில் மாங்காய் பத்தை, இதெல்லாம் மாமல்லபுரத்திலும் கிடைக்கும். கூட வருகிறவர்கள் எண்ணிக்கைதான் ஜாலியைக் கூட்டும்.

"தூரமா போனாத்தான் உலகம் தெரியும்." இதை நான் மறுக்கவில்லை. கன்னியாகுமரியும் ராமேஸ்வரமும் பார்க்க வேண்டிய இடங்கள்தான். தரங்கம்பாடியில் 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையையும், 1306-ல் கட்டின மாசிலாமணிநாதர் கோயிலைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றதையும் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் அதற்கென்று தனியாக இரண்டு நாள் வைத்துக்கொண்டு போக வேண்டும். பதினான்கில் ஒன்றாக அல்ல. சம்பாதித்துவிட்டு, நம் காசில் போவோம்.

எனவே வகுப்பு மக்களுக்கு என் வேண்டுகோள். டூர் கமிட்டி கூடும்போது "எத்தனை இடம்?" என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதல் கேள்வி "எத்தனை பேர் வர முடியும்?" என்று இருக்கட்டும். வராதவர்களிடம் காரணம் கேட்காமல், அவர்கள் வரக்கூடிய மாதிரி டூரை மாற்றுங்கள். ஒருவேளை ஓட்டெடுப்பில் கோவாதான் ஜெயித்தால் நான் ஒன்றும் செய்ய முடியாது. ஜெயித்தவர்கள் போய் வாருங்கள், போட்டோ அனுப்புங்கள். "மாமா வீட்டு விசேஷம்" உள்ளவர்கள் மட்டும் என்னிடம் பெயர் கொடுங்கள். பிப்ரவரியில் ஒரு வார நாள், காலை முதல் பஸ், திருத்தணி பஸ் ஸ்டாண்டு. காஞ்சிபுரத்தில் இட்லி என் செலவு!